மச்சினருக்குப் பயந்தவர்

திரையில், வீடியோ அழைப்பில், ராமபத்ரனோடு வேலை பார்த்த ஒரு நார்வேக்காரர் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் இருந்த ஞானத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கணவர் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. கல்பாத்தியில் ஹால் பிடித்து மகள் அம்ருதா நடத்துகிற நினைவுக் கூட்டம். அதில் பெண்டாட்டியே சிரித்தால் ஊர் என்ன சொல்லும்? ஞானம் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் இருந்தவர்கள், பாவம், அழுகிறாள் என்று உச்சுக்கொட்டினார்கள்.

நார்வேக்காரர் கரடிக் கதைக்கு வந்திருந்தார்.

பனிவெளியில் கூடாரம். வாசலில் வெள்ளைக்கரடி. துப்பாக்கி வைத்திருந்தவர் எங்கோ போயிருந்தார். ராமபத்ரன் ஒரு எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடித்துக்கொண்டே கரடிக்கு நேராக நடந்தாராம். யாருக்கும் புரியாத மொழியில் அதைத் திட்டித் தீர்த்தாராம். கரடி பேசாமல் போய்விட்டதாம்.

“இப்படி ஒரு தைரியசாலியை நாங்கள் பார்த்ததில்லை என்கிறார்” என்று அம்ருதா தமிழில் சொன்னாள். ஹால் கைதட்டியது.

ஞானம் கைதட்டவில்லை. அந்தத் தட்டை அவள் வருஷக்கணக்காகத் தேடியிருக்கிறாள்.

தவிர, அவர் எதற்காகப் பனிக்குப் போனார் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

காரணம், பக்கத்து நாற்காலியில் மங்கி குல்லாயோடு உட்கார்ந்திருந்தது. அவளுடைய அண்ணா நாராயண்.

நாராயண் சித்திரபுரத்தில் கரண்டு ஆபீஸ் உத்தியோகத்தில் இருந்தவர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. வருஷம் தவறாமல் லீவு போட்டுவிட்டு நார்வேயில் தங்கை வீட்டுக்கு வந்து இறங்கிவிடுவார். அதுவும் நல்ல பனிக்காலத்தில். பகலிலேயே இருட்டாக இருக்கிற அந்த ஊரில், அறை அறையாகப் போய் விளக்கை அணைப்பார். கரண்டோட அருமை உங்களுக்கெல்லாம் தெரியலை என்பார்.

ராமபத்ரனோ வீட்டை விட்டு நகராத மனுஷர். அம்ருதாவுக்கு இரட்டைப் பின்னல் போட்டுவிடுவார். தோசை வார்ப்பார். சிலந்தியைக் கண்டால் நாற்காலியில் ஏறி நின்றுகொண்டு ஞானத்தைக் கூப்பிடுவார். அப்படிப்பட்டவர், அண்ணா வந்த இரண்டு மூன்று நாளில் பனி ஆராய்ச்சிக்கென்று பெட்டியைக் கட்டிவிடுவார்.

கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி சண்டை வந்திருக்கும். பனியின் சூட்டையும் குளிரையும் அளந்தே பேராசிரியர் ஆனவரிடம் போய், உங்க தெர்மாமீட்டர் பொய் சொல்றது என்பார் அண்ணா. இவர் கத்துவார். அவர் பதிலுக்குக் கத்துவார். “உன் அண்ணாவோட இருக்கறதுக்குக் கரடியோட இருக்கலாம்” என்று சொல்லிவிட்டு, விடிந்ததும் விடியாததுமாக ராமபத்ரன் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போவார்.

ஞானத்துக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சலாக வரும். ஓடிப்போனவர் மேல் ஒரு கோபம், ஓட்டியவர் மேல் ஒரு கோபம். அந்தக் கோபத்திலேயே சமைப்பாள், துவைப்பாள், அம்ருதாவைப் பள்ளிக்கூடத்தில் விடுவாள். இரண்டு மாதம் ஓடியே போய்விடும். குட்டி விமானம் பனியில் குப்புற விழுந்ததும், பனிப்பிளவுக்குள் அவர் கயிற்றில் தொங்கியதும் அவர் திரும்பி வந்த பிறகுதான் அவளுக்குத் தெரியும்.

கரடிக்கு விழுந்த திட்டு அண்ணாவுக்குச் சேர வேண்டியது என்பதில் ஞானத்துக்குச் சந்தேகமே இல்லை.

“அம்மா, ரெண்டு வார்த்தை பேசும்மா” என்று அம்ருதா மைக்கை நீட்டினாள்.

பேசுவதாகவே ஞானம் நினைத்திருக்கவில்லை. ஆனால் மைக் கைக்கு வந்ததும், இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்தது தானாக வெளியே வந்தது. விளக்கு, தெர்மாமீட்டர், சண்டை, பெட்டி எல்லாவற்றையும் சொன்னாள். நீங்கள் நினைக்கிற மாதிரி அவர் தைரியசாலி இல்லை, மச்சினருக்குப் பயந்து வட துருவம் வரைக்கும் ஓடினவர் என்று முடித்தாள்.

ஹால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. அம்ருதா ஆங்கிலத்தில் சொல்லி முடித்ததும், எல்லாரும் ஓய்ந்த பிறகு, திரையில் நார்வேக்காரர் தனியாகச் சிரித்தார்.

எல்லாருடைய பார்வையும் நாராயண் மேல் திரும்பியது. அவரும் குனிந்துகொண்டு சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஞானம் வந்து உட்கார்ந்தாள். மேடையில் வேறொருவர் பேச ஆரம்பித்தார். நாராயண் அவள் பக்கம் சாய்ந்தார்.

“சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிண்டிருந்தார். இனிமே என்ன. நான் வந்ததனால மாப்பிள்ளை போகலை, ஞானம். அவர் போறதுக்காக்கும் என்னை வரச் சொல்வார்.”

ஞானம் திரும்பிப் பார்த்தாள்.

“டிக்கெட்டும் அவர்தான் அனுப்புவார். அந்த இருட்டுல நீயும் குழந்தையும் தனியா இருக்கப்படாதுன்னு. நேக்கு ப்ளேன்னாலே பயம். அந்தக் குளிர் அதுக்கு மேல.”

அவளுக்குச் சட்டென்று ஒன்றும் பிடிபடவில்லை.

“அப்போ அந்தச் சண்டையெல்லாம்?”

“அதுவும் அவர் சொல்லித் தந்ததாக்கும். போன்ல ஒத்திகை பார்ப்போம், ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துடும்.” நாராயண் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “நீ கோபமா இருந்தா அவர் கிளம்பிப் போயிடலாமாம். நீ அழுதா அவரால வாசப்படி தாண்ட முடியாதாம்.”