பெட்டிக்குள் மூன்று பொம்மைகள்

“பொம்மை டாங்கி இருக்குதுங்களா?” என்று கேட்டுக்கொண்டே அந்த ஆள் உள்ளே வந்தான்.

பொம்மை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

அது 1983. சேலத்தில் ஜப்பான் மாடல் பெட்டிகள் வைத்திருந்தது என் கடை ஒன்றுதான். சிங்கப்பூர் போய்வருகிறவர்களிடம் சொல்லிவைத்து வாங்கிய சரக்கு. ஒரு பெட்டிக்குள் நூற்றுக்கு மேல் பிளாஸ்டிக் துண்டுகள். ஒவ்வொன்றையும் வெட்டி, அரத்தால் தேய்த்து, பசை தொட்டு ஒட்டி, வர்ணம் பூசி, ஒரு மாதம் குனிந்து உட்கார்ந்தால் ஒரு டாங்கி தேறும். அதைப் பொம்மை என்கிறவனுக்கு நான் எதற்கு மரியாதை கொடுக்க வேண்டும்?

“பொம்மைக் கடை பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்குதப்பா,” என்றேன். அவனுக்கு என்னைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும்.

அவன் நகரவில்லை. காக்கிச் சட்டை. நகக்கண்ணில் கிரீஸ். சங்ககிரி லாரி டிரைவர் என்று பார்த்ததுமே தெரிந்தது.

என் வாடிக்கைக்காரர் தண்டாயுதபாணி, கல்லூரியில் பாடம் எடுப்பவர், வர்ண டப்பாக்களைப் புரட்டிக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெம்பாக இருந்தது.

“இதுக்கு முன்னாடி ஏதாச்சும் ஒட்டியிருக்கியா?”

“இல்லீங்க. இதுதான் மொதல்.”

நாற்பதே துண்டுகள் உள்ள ஒரு சின்னப் பெட்டியை அவன் முன்னால் தள்ளினேன். புதிதாக வருகிறவன் அதில்தான் கை பழக வேண்டும். அவன் அதைத் தொடக்கூட இல்லை. பெரியதாக வேண்டும் என்றான். உள்ளே இருப்பதெல்லாம் தெரிய வேண்டுமாம்.

எல்லாரும் இப்படித்தான். அரத்தை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாது, கண் மட்டும் மேல்தட்டில் இருக்கும்.

“உள்ளே ஒண்ணும் இருக்காது. வெறும் கூடு,” என்றேன். அப்படியும் போகவில்லை. சரி, தொலையட்டும் என்று செஞ்சூரியனை எடுத்து வைத்தேன். நம் ராணுவத்து வண்டி.

அவன் தலையாட்டினான். “பாட்டன் டாங்கி வேணுமுங்க.”

“அது பாகிஸ்தான்காரன் வண்டி. தெரியுமா?”

“தெரியுமுங்க.”

தண்டாயுதபாணி இந்த முறை சத்தமாகவே சிரித்தார். நானும் சிரித்தேன். எது நம்முடையது, எது எதிரியுடையது என்ற கூச்சம்கூட இல்லாத ஜென்மம் என்று நினைத்தேன். ஏணி போட்டு ஏறிப் பாட்டன் பெட்டியை இறக்கி, மூடியைத் திறந்து காட்டினேன். துண்டுகளின் எண்ணிக்கையைப் பார்த்துப் பயந்து ஓடிவிடுவான் என்று கணக்குப் போட்டேன்.

அவன் சக்கரத்தைப் பார்க்கவில்லை. சங்கிலியைப் பார்க்கவில்லை. பீரங்கிக் குழாயைக்கூடப் பார்க்கவில்லை. அடியில் கிடந்த ஒரு சின்ன பிளாஸ்டிக் சட்டத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். டாங்கியில் நிற்கவைக்கும் ஆட்கள் அதில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் கட்டைவிரல் உயரம்.

எண்ணினான். பெட்டியைக் கிளறிப் பார்த்துவிட்டு மறுபடி எண்ணினான்.

“ஆளுங்க மூணே பேருதானுங்களா?”

கேட்டபோது அவன் முகமே வேறாகியிருந்தது. பாரம் இறக்கியவன்போலத் தோளைத் தளர்த்தினான்.

எனக்குத் தெரிந்ததைக் காட்டுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. தண்டாயுதபாணிக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினேன்.

“மூணு பேரை வெச்சு டாங்கி ஓடுமா? மொத்தம் நாலு பேரு. நாலாவது ஆளு டிரைவர். முன்னாடி தனியா, கீழே படுத்த மாதிரி உக்காந்திருப்பான். வெளியே தெரியமாட்டான், அதனால அவனுக்குப் பொம்மை குடுக்கமாட்டாங்க. அவன் ஏறி எறங்கத் தனி மூடி. பீரங்கிக் குழாய் நேரா அது மேல வந்து நின்னுட்டா தொறக்க முடியாது. உள்ளேயேதான் கிடக்கணும்.”

அவன் சட்டத்தைக் கீழே வைக்கவில்லை.

“நாலு பேருங்களா?”

“நாலு.”

எங்கள் இருவரையும் பார்க்காமல், அந்த மூன்று பேரையே பார்த்தபடி சொன்னான்.

“எழுபத்தொண்ணு சண்டையில நான் மிலிட்டரிங்க. ஜீப்புல வெச்ச பீரங்கி. இந்த வண்டி ஒண்ணை அடிச்சேனுங்க. மூணு பேரு குதிச்சு ஓடுனாங்க. ஓடட்டும்னு உட்டுட்டேன். அத்தன பேரும் பொழைச்சுட்டாங்கன்னு பன்னண்டு வருசமா நெனச்சுட்டு இருந்தேனுங்க. போன மாசம் லோடு எறக்கற எடத்துல ஒருத்தன் இந்த வண்டிக்கு நாலு பேருன்னு சொன்னான். அவன்கூடச் சண்டை கட்டிட்டு வந்தேன்.”

தண்டாயுதபாணி வர்ண டப்பாவைத் தட்டில் வைத்தார்.

“அந்த டிரைவர் மூடி எதுங்க?” என்று கேட்டார் லாரிக்காரர்.

எனக்கு உடனே கிடைக்கவில்லை. சட்டம் சட்டமாக எடுத்துப் பார்த்துத் தேடினேன். கண்டுபிடித்து, கத்தரித்து, அவர் உள்ளங்கையில் வைத்தேன். விரல் நகம் அளவுதான் இருந்தது.

வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு, முதல் முறையாக ஒட்டப் போகிறவர் கேட்கும் கேள்வி ஒன்றைக் கேட்டார்.

“இதை மட்டும் ஒட்டாம, தெறந்தபடியே உட்டறலாமுங்களா?”

“விட்டுடலாமுங்க,” என்றேன்.