விளிம்பு உடைஞ்ச கிண்ணம்

"சைவம்னா மூக்குமா சைவம்?"

சாமிதுரை டீ கிளாஸோடு தள்ளிப் போய் உட்கார்ந்ததும் மோகனப்பிரியா ஆரம்பித்துவிட்டாள்.

யாராவது மீன் குழம்பு டப்பாவைத் திறந்தாலே எழுந்து போகிற மனுஷன் அவர். அந்தப் பீங்கான் யூனிட்டில் அவருக்குப் பட்டப்பேரே 'சுத்த சைவம்'. அவர் அலட்டலைக் கண்டால் சந்திரலேகாவுக்கும் பற்றிக்கொண்டு வரும்.

இன்றைக்கு விருந்து சந்திரலேகாவுடையது. கப்பல் வேலையிலிருந்து வந்த தம்பி இரண்டு பாக்கெட் கொடுத்திருந்தான். ஒன்று பன்னித்தோல் வறுவல். இன்னொன்று அதே மாதிரி மொறுமொறுவென்று சோயாவில் செய்தது. எது எதுன்னு தின்று பார்த்துச் சொல்லணும், அதுதான் போட்டி. கழித்துப் போட்ட கிண்ணங்களில் இரண்டை எடுத்துக் கொட்டினாள்.

"அக்கா, நீங்க விளிம்பு உடைஞ்சதுல எடுங்க. அது சோயா" என்று கண்ணம்மாள் காதில் மட்டும் சொன்னாள்.

கண்ணம்மாள் சமயபுரத்துக்கு மாலை போட்டிருந்தாள். நாளைக்கு அவள் மகளுக்கு இதய ஆபரேஷன்.

"நல்லாத்தான்டி இருக்குது" என்று நாலைந்து தின்றவள், சும்மா இருக்காமல் அடுத்த கிண்ணத்தைத் திருப்பினாள்.

"ஏய் சந்திரா! இதுலயும் உடைஞ்சிருக்குதேடி!"

கழித்துப் போட்ட கிண்ணத்தில் உடையாத விளிம்பு ஏது? அந்தப் புத்தி சந்திரலேகாவுக்கு அப்போதுதான் வந்தது. எதை எதில் கொட்டினோம்? பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன.

கண்ணம்மாள் மாலையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "ஆத்தா, என் பொண்ணுக்கு எதுனா ஆயிட்டா?"

சந்திரலேகா இரண்டு கிண்ணங்களையும் மாற்றி மாற்றி மோந்து பார்த்தாள், ஒன்றும் பிடிபடவில்லை.

சாமிதுரை எழுந்து வந்தார். "எதுல தின்ன?"

"இதுலண்ணே."

அதில் ஒன்றை எடுத்து மென்றார். அடுத்ததில் ஒன்றை எடுத்து மென்றார்.

"நீ தின்னது சோயாதான். பன்னி அதுல இருக்குது. கண்ணைத் தொடச்சிக்க."

"நெசமாவாண்ணே?"

"வேப்பூர் ரோட்டுக் கடையில எத்தினி வாட்டி தின்னுருக்கேன்! பன்னி ருசி எனக்குத் தெரியாதா?"

ஷெட்டே சிரித்தது.

"அடப்பாவி மனுஷா, ஊருக்குத்தான் சைவமா?" என்று மோகனப்பிரியா கை கொட்டினாள். "நாளைக்கு மீன் டப்பாவ உங்க மடியில வெச்சுத்தான் தெறப்பேன்!"

கண்ணம்மாளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள்.

சந்திரலேகாவுக்குப் போன உயிர் வந்தது. கூடவே கோபமும் வந்தது. இத்தனை வருஷமாக என்ன அலட்டல் அலட்டினார்! நறுக்கென்று நாலு கேட்டுவிடலாம் என்று அவர் பின்னாலேயே போனாள்.

குழாயடியில் சாமிதுரை குடலே வெளியே வந்துவிடுகிற மாதிரி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்னாச்சுண்ணே? அப்ப எது பன்னி, எது சோயான்னு எப்பிடிச் சொன்னீங்க?"

அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பினார்.

"கண்ணம்மாகிட்ட சொல்லிப்புடாத. எனக்கு எப்பிடிம்மா தெரியும்? இன்னிக்குத்தானே மொதமொதலா வாயில வெக்கறேன்."