கைகுலுக்கல்

நிவாரண மூட்டைகளைத் தளபதியே தன் கையால் கொடுப்பார் என்று அறிவித்திருந்தார்கள். அமைதி ஒப்பந்தத்துக்குப் பிறகு அவன்தான் மாவட்ட ஆணையர். வெளிநாட்டு அதிகாரிகளுக்கு நடுவே சலவைச் சட்டையில் நின்றான். போன மழைக்காலத்தில் ஊரைக் கொளுத்தியதும், அச்சோல் என்பவளின் மகன் மாஜோக்கை லாரியில் ஏற்றிக்கொண்டு போனதும் இவனுடைய ஆட்கள்தான். வரிசையில் நின்ற எல்லாப் பெண்களுக்கும் அது தெரியும். அதிகாரிகளுக்கும் தெரியும்.

மூட்டை வேண்டாம் என்று சொல்ல அச்சோலால் முடியாது. கூடாரத்தில் பிள்ளைகள் பசியோடு கிடந்தார்கள். தன் முறை வந்ததும் மூட்டையை வாங்கிக் காலடியில் வைத்துவிட்டு, தளபதியின் வலது கையைப் பற்றினாள். காமிராக்கள் மின்னின.

"அருமை, அப்படியே இருக்கச் சொல்லுங்கள்" என்று மொழிபெயர்ப்பாளனிடம் சொன்னார் நிவாரணக் குழுவின் வெளிநாட்டுத் தலைவி.

"என் மகன எங்க புதைச்சே?" என்று அச்சோல் அவனிடம் கேட்டாள்.

தளபதி சிரிப்பு மாறாமல் கையை இழுத்துப் பார்த்தான். அவள் விடவில்லை. அவளுடைய நகங்கள் அவன் தோலில் இறங்கின.

தலைவி மொழிபெயர்ப்பாளனைப் பார்த்தார். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நன்றி சொல்கிறாள், பாவம்" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

அடுத்து நின்றவள் மூட்டைக்காகக் கை நீட்டவில்லை. நேரே போய்த் தளபதியின் இடது கையைப் பிடித்தாள்.

"என் புருஷன எங்க புதைச்சே?"

வரிசை கலைந்து அவனை நோக்கி நகர்ந்தது. காவலர்கள் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினார்கள். படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் காமிராவை மூடினார்கள்.