ரத்தப் புழு

ரோசலிண்ட் பாதி தின்ற சாண்ட்விச்சைக் குப்பைக்கூடையில் போட்டாள். நியூயார்க் பதிப்பகம் ஒன்றில் இருபது வருடமாக இளைஞர் நாவல்களைத் திருத்துகிறவளாலேயே அன்று வந்த நாவலைப் படித்துக்கொண்டு சாப்பிட முடியவில்லை.

நாவலை எழுதிய வெண்டல் எதிரே உட்கார்ந்திருந்தான். வயது இருபத்திரண்டு.

"ஏம்ப்பா, ரத்தக்காட்டேரின்னா கறுப்பு அங்கி, கூரான பல்லுன்னு எழுதுவாங்க. நீ குடல்ல நெளியற புழுங்கறே. அது முத்தத்துல வேற பரவுது. உவ்வே!"

"நோய் அழகா இருக்காது மேடம்."

"சரி, புழுவைக்கூடப் பசங்க ரசிச்சுப் படிப்பாங்க. உன் கதாநாயகனைத்தான் சகிக்கலை. தனக்கு நோய் இருக்குன்னு தெரிஞ்சே, காதலிச்ச பொண்ணுக்கும் ஒட்டவச்சுட்டு, ஒரு வார்த்தை சொல்லாம ஓடிடறான். த்தூ! இப்படி ஒருத்தன் இருப்பான்னு யார் நம்புவாங்க? அவனை மாத்து."

வெண்டல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"வேணும்னா புழுவை எடுத்துடறேன் மேடம். அது ஒண்ணுதான் கற்பனை. மத்ததெல்லாம் நான் செஞ்சது."

ரோசலிண்ட் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள்.

"அந்தப் பொண்ணு இப்ப எப்படி இருக்கா?"

"நாடினுக்கு இன்னும் எதுவும் தெரியாது. நேர்ல சொல்லத் தைரியம் வரலை. பேய்க்கதைன்னா அவ விடாம படிப்பா. அதான் எழுதினேன்..."

அவன் முகத்தைப் பார்க்கவே ரோசலிண்டுக்குப் பிடிக்கவில்லை. மேஜை மேலிருந்த தொலைபேசியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"புத்தகம் வர ரெண்டு வருஷம் ஆகும். அதுவரைக்கும் அவ மருந்தில்லாம இருக்கணுமா? கூப்பிடு அவளை. இப்பவே, என் எதிர்லயே."