சனிக்கிழமைத் திருகாணி

இந்த ஞாயிறும் கார் நடுவழியில் நின்றுவிட்டது.

அதுவும் எங்கே? நெல்லியடிச் சந்தியில், ஆராதனை முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போகிற நேரத்தில். சிவப்பு நிற எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இரண்டு இருக்கை, மடித்துவிட்ட கூரை. ஒளிய இடமில்லாமல் நல்ல சேலையோடு சீலா வெயிலில் உட்கார்ந்திருந்தாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று நலம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

பக்கத்தில் இருந்த கணவர் தேவராஜா மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற வங்கி மனேஜர். மனைவியிடம் வரும் கோபம்கூட அந்த அறுபது வருடக் காரிடம் அவருக்கு வராது.

காரை ஓட்டுவது இப்போது சீலாதான். போன வருடம் பாரிசவாதம் வந்ததிலிருந்து அவருடைய வலக்கை மடியில் கிடக்கிறது. சட்டைப் பொத்தான் பூட்டிவிடுவதும் அவள்தான். விரல்களுக்கு வேலை கொடுக்காவிட்டால் கை இப்படியே நின்றுவிடும் என்று சொல்லி வைத்தியர் ஒரு றப்பர் பந்து கொடுத்தார். தான் என்ன பால்குடியோ என்று கேட்டு மனிதர் அதை அலுமாரிக்கு மேலே எறிந்தவர், பிறகு திரும்பியும் பார்க்கவில்லை. அந்தக் கைக்காகச் சீலா செபிக்காத நாள் இல்லை.

தள்ளிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தபோது அவளுடைய கோபம் முழுவதும் கந்தப்பு மேல் திரும்பியிருந்தது.

சனிக்கிழமை காலையில் தவறாமல் வீட்டுக் கராஜுக்கு வந்து காரைப் பார்ப்பவர் கந்தப்பு. அந்தக் காருக்கு இரண்டு காபரேட்டர். இரண்டும் ஒரே அளவாகக் காற்று இழுக்க வேண்டும். றப்பர் குழாயின் ஒரு முனையைக் காபரேட்டர் வாயிலும் மற்றதைத் தன் காதிலும் வைத்து, இரைச்சலைக் கேட்டுக் கேட்டே திருகாணியைத் திருகுவார். போர்க்காலத்தில் பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் ஓடிய நாட்களிலும் அந்தக் காரை நிற்கவிடாத மனிதர். இப்போது மட்டும் என்ன வந்தது?

வேறு ஆளைப் பிடிப்போம் என்றாள் சீலா. தேவராஜா கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை கந்தப்பு சைக்கிளில் ஏறிப் போன பிறகு, கராஜ் கதவைச் சாத்தப் போனாள். உள்ளே பொனெட் இன்னும் திறந்தபடி. தேவராஜா நாக்கைக் கடித்துக்கொண்டு, நடுங்குகிற வலக்கையைக் காபரேட்டருக்குக் கீழே விட்டு எதையோ திருகிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வியர்வை.

பிடிபட்டவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஆரிட்டையும் சொல்லிப்போடாதை சீலா. கந்தப்பண்ணைக்குக் காது கேளாமல் போட்டுது."

ஆறேழு மாதமாக இப்படித்தானாம். குழாயைக் காதில் வைப்பது வெறும் பழக்கமாம். திருகாணியைப் பிழையாகத் திருகி வைத்துவிட்டு, சரியாகிவிட்டது என்று நம்பிக்கொண்டு போகிறாராம். முகத்துக்கு நேரே சொன்னால் மனிதர் உடைந்துபோவார். அதனால் அவர் போன பிறகு இவர் தானே சரிசெய்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை கார் நிற்பது இவருடைய கை சரியாக வராததால்தானாம்.

மறுநாள் கார் பருத்தித்துறைக் கடற்கரை வரைக்கும் நிற்காமல் போய் வந்தது. அதற்கும் சேர்த்துத்தான் சீலாவுக்கு ஆத்திரம் வந்தது. நோயாளி மனிதரைப் பாடுபடுத்தி ஓடுகிற ஓட்டம் அல்லவா அது? கந்தப்புவை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிடுவது என முடிவெடுத்தாள்.

சனிக்கிழமை வந்தது. தேவராஜா அறையில் உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தார். சீலா தேநீரோடு கராஜுக்குப் போனாள். கந்தப்பு முதுகைக் காட்டியபடி, குழாயைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். நரைத்த பிடரியைப் பார்த்ததும் அவளுக்கு மனம் கேட்கவில்லை. எப்படித் தொடங்குவது?

"காது கேளாத மனிசனுக்கு நான் என்னெண்டு சொல்லுவன்" என்று வாய்க்குள்ளேயே முணுமுணுத்தாள்.

கந்தப்பு திரும்பவில்லை.

"மெல்லக் கதையுங்கோ பிள்ளை. மனேச்சருக்குக் கேட்டிடும்."

அவள் திரும்பிக் கராஜ் வாசலைப் பார்த்தாள். கந்தப்பு குழாயைக் கீழே வைத்தார்.

"பந்தைத் தொடமாட்டன் எண்டு நிக்கிறார் எண்டு நீங்கள்தானே என்னட்டைச் சொல்லி அழுதனீங்கள். பின்னாலை இருக்கிற காபரேட்டருக்குக் கீழை வலக்கை மட்டும்தான் போகும். திருகாணியை முதலிலை அரைக்கால் சுத்துத்தான் வேணுமெண்டு பிழையா விட்டனான். இப்ப முழுச் சுத்து விடுறன். போன கிழமை அதையும் சரிக்கட்டிப்போட்டார்."

இந்த மனிதரையா வர வேண்டாம் என்று சொல்ல வந்தோம் என்று சீலாவுக்கு வெட்கமாக இருந்தது.

"தனக்காக அந்தக் கையை அசைக்கமாட்டார் பிள்ளை. எனக்காக அசைப்பார். எனக்கு அவரைத் தெரியும்."

அந்த நேரம் பார்த்துத் தேவராஜா கராஜுக்குள் வந்தார். சட்டைப் பொத்தான்கள் எல்லாம் பூட்டியிருந்தன, ஒன்று மட்டும் ஓட்டை மாறி. இன்றைக்கு அவற்றில் சீலாவின் கை படவே இல்லை.

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கந்தப்புவின் காதருகே குனிந்து, சந்தி வரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"கந்தப்பண்ணை, தேத்தண்ணிக்குச் சீனி காணுமோ, இன்னும் போடட்டோ?"