விசுவாசம் போதுமா

நெருப்பெரிச்சல் ஊர் ஜெபவீட்டு வாசலில் அந்தோணிராஜைப் பார்த்ததும் பாஸ்டருக்கு உள்ளூரச் சிரிப்பு. சாயப்பட்டறையில் இவருடைய சபைக்காரன் தங்கதுரையோடு தினமும் வேதம் பேசி மல்லுக்கு நிற்கிற கத்தோலிக்கன், இன்று தானாக வந்திருக்கிறான்.

“நல்லது செஞ்சாத்தான் மோட்சம்னு சாதிப்பீங்களே, என்னங்க இந்தப் பக்கம்?”

“விசுவாசம் மட்டும் போதும்ங்கது நெசந்தானா ஐயா?”

“அதிலென்னங்க சந்தேகம்? நாம செய்யற நல்ல கிரியை எதுவும் அங்க செல்லாதுங்க. தங்கதுரைக்கும் அதைத்தான் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன். அவரு வரலீங்களா?”

அந்தோணிராஜ் தரையைப் பார்த்தான்.

“கழிவுத் தொட்டிக்குள்ள பீகார்க்காரன் ஒருத்தன் மயங்கி விழுந்துட்டான். விசவாயு. எனக்கு இறங்கக் காலு வரல. மேல நின்னு ஜெபம்தான் பண்ணினேன்.”

“தங்கதுரை?”

“குதிச்சுட்டான். இப்பத்தான் ரெண்டு பேரையும் பொணமா எடுத்தாங்க. விசுவாசம் போதும்னு இன்னொரு தடவ சொல்லுங்கய்யா.”