பெயின்ற்றில் எழுதிய மூன்று

மகளைக் கையில் பிடித்தபடி, நகைக்கடைப் படியில் அவள் காலை வைத்துவிட்டாள்.

பக்கத்தில் ஏதோ சுரண்டுகிற சத்தம்.

நாணயமாற்றுக் கடை அரியரத்தினம் ஸ்ரூலில் ஏறி நின்று, டொலர் விலைப் பலகையில் இருந்த மூன்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

அவள் காலை எடுத்தாள்.

மற்ற இரண்டு இலக்கங்களும் ஆணியில் தொங்கும் தகரங்கள். தினமும் மாற்றுவார். முதல் இலக்கத்தை மட்டும், ரூபாய் விழுந்த வருடம், சிவப்புப் பெயின்ற்றில் எழுதிவிட்டார். இனி எந்தக் காலத்தில் முந்நூறுக்குக் கீழே வரப்போகிறது என்றார். எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசும் கஸ்தூரியார் வீதி அதை மட்டும் எதிர்க்கவில்லை.

அவளும்தான்.

காது கேளாத மகளுக்குப் பொருத்தும் கருவி வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். டொலரில் அதன் விலை ஏறவே இல்லை. ரூபாயில்தான் எட்டாமல் எட்டாமல் போனது. ஐந்து வயதுக்குள் பொருத்தாவிட்டால் பேச்சு வருவது கஷ்டம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். குறைகிற கொஞ்சக் காசுக்குத் தாலிக்கொடியை விற்கவென்று கைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

மூன்று போனால், கையில் இருப்பதே போதும்.

தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் கோப்பையோடு வெளியே வந்தார்கள். கோயிலில் திரை விலகும்போது நிற்பதுபோல நின்றார்கள்.

முதலில் மூன்றின் தலை போனது. பிறகு வயிறு.

ஏறினது இறங்குவதை அவள் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை.

மகள் கையை நீட்டி, உதிர்கிற சிவப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அந்த இடத்தில் வெறும் பலகை. பக்கத்தில் ஒன்பதும் எட்டும் தொங்கின.

அவள் கைப்பையைத் திறந்தாள். நடுவீதியில் நின்றே கொடியை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

அரியரத்தினம் வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டு சுத்தியலைத் தேடினார். அவள் பார்ப்பதைக் கண்டு ஆணியைக் கையில் எடுத்தார்.

“இனிப் பெயின்ற் அடிக்கிற வேலையில்லைப் பிள்ளை. மூண்டு இருந்த இடத்தில ‘இரண்டை’த் தகரத்திலதான் கொழுவப்போறன். ஆருக்குத் தெரியும், இன்னும் இறங்கும்.”

சுத்தியலை ஓங்கினார்.

அவள் சட்டென்று குனிந்து, மகளின் இரண்டு காதுகளையும் பொத்தினாள்.